படபடப்புக்குப் பதினோரு சொற்கள்

“எப்ப ஆரம்பிச்சது, ஆண்ட்டி?”

கேட்டது ஒரு பெண் டாக்டர். என் மகன் வயதுதான் இருக்கும். கட்டிலில் என் வீட்டுக்காரர் மாணிக்கம் சட்டையைத் திறந்துபோட்டுப் படுத்திருந்தார். மார்பெல்லாம் வயர். பக்கத்திலிருந்த பெட்டி ஒரு தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. அதில் கோடு ஒரு இடத்தில் நெருங்கி, ஒரு இடத்தில் விலகி, கணக்கில்லாமல் குதித்துக்கொண்டு போனது.

அவள் கேட்டது பர்மிய மொழியில். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு நாளுக்குள்ளே ஆரம்பிச்சதுன்னா, இப்பவே மயக்கம் குடுத்து, சின்னதா கரண்ட் வச்சு துடிப்பை நேராக்கிடலாம். அதுக்கு முன்னாடியே இருந்துச்சுன்னா அப்படிச் செய்யக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். மொதல்ல மூணு வாரம் மாத்திரை குடுத்துட்டுத்தான் கையே வைக்கணும்.”

“இன்னைக்குக் காலைலதான் டாக்டர்” என்றேன்.

நான் சொன்னது பொய். எட்டு மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பொய்யால் ஒருவர் பேச்சை இழந்தார். இன்னொருவன் தன்னால்தான் அப்படி ஆயிற்று என்று கடல் தாண்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். முதலாமவர் என் கணவர். இரண்டாமவன் என் மகன்.

போன வாரம் இந்தப் பத்தியில் கோர்ட்டு வாசலில் இருக்கும் என் தட்டச்சு மேஜையைப் பற்றி எழுதியிருந்தேன். பிறப்புச் சான்றிதழும் குடும்பப் பட்டியலும் மொழிபெயர்த்து அடித்துக் கொடுத்தே பிழைத்த கதை. மேஜைக் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டீர்கள் என்று ஒரு வாசகி குறைப்பட்டிருக்கிறார். மேஜை எங்கும் ஓடிவிடாது அம்மா. இதை இப்போது எழுதாவிட்டால் பிறகு எழுதத் தைரியம் இருக்காது.

பாதி அகராதி

என் வீட்டுக்காரர் ட்யூஷன் வாத்தியார். பலகைகளில் யாங்கோன் என்று எழுதியிருந்தாலும் எங்கள் வாய்க்கு வருவது ரங்கூன்தான். அந்த ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் போனால் தாழ்ப்பாள் ஆடும் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் அவரை ‘சயா’ என்று கூப்பிடுவார்கள். பர்மிய மொழியில் வாத்தியாருக்கு அதுதான் சொல்.

வாத்தியார் என்றால் ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும். இவருக்கு ஒரு அகராதி.

பன்சொடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்கள் உண்டு. அங்கே, மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, உப்பிப்போய்க் கிடந்த ஒரு தடிப் புத்தகத்தைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு வந்த முதல் சக்களத்தி அதுதான்.

நமக்குத் தெரிந்த ஆங்கிலம் அதில் இல்லை. இங்கிலாந்தின் வடக்கேயும் ஸ்காட்லாந்துப் பக்கமும் ஆடு மேய்ப்பவர்களும் உழுகிறவர்களும் அந்தக் காலத்தில் பேசிய சொற்கள். எந்தத் துரை எந்தக் கப்பலில் கொண்டுவந்தானோ, போகும்போது போட்டுவிட்டுப் போய்விட்டான். அதுவும் முழுசாக இல்லை. ‘எம்’ எழுத்தோடு கிழிந்து நின்றது.

“பாதிப் புத்தகத்தை யாராவது முழுசா சுமந்துக்கிட்டு வருவாங்களா?” என்று கேட்டேன்.

“மீதிப் பாதியிலே என்ன இருக்குன்னு நெனச்சுக்கிட்டே காலத்தை ஓட்டிடலாம் வள்ளி” என்றார்.

அதைப் படிக்கப் படிக்க ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த ஜனங்கள் சின்னச் சின்ன அசைவுக்கெல்லாம் தனித்தனியாகப் பெயர் வைத்திருந்தார்கள். கூட்டை விட்டுக் கிளம்பும் குஞ்சு தட்டுத்தடுமாறி இறகடிப்பதற்கு ஒரு சொல். புதரிலிருந்து பறவை சட்டென்று சத்தத்தோடு எழுவதற்கு இன்னொரு சொல். குளிரில் பல் அடித்துக்கொள்வதற்கு வேறொன்று. பெரிய விஷயங்களுக்கு எல்லா ஊரிலும் பெயர் இருக்கிறது, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துபோகிற அசைவுக்கு இத்தனை பெயர் வைத்தவன் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருப்பான் என்று வியந்து வியந்து போவார்.

பிறகு ஒருநாள், “நம்மகிட்டயும் இருக்குமே” என்றார். அன்றிலிருந்து எனக்கும் வேலை வந்தது.

என்ன அசையுது?

அவருக்கு ஆங்கிலம் பெரிது, தமிழ் வீட்டுத் தமிழ்தான். எனக்கு நேர்மாறு. என் அப்பா ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னைக் கோயில் தமிழ் வகுப்புக்கு அனுப்பினார். கப்பலில் வரும் பழைய வாரப் பத்திரிகைகளை மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் வாங்கிவந்து படித்து வளர்ந்தவள் நான். ஆக, ஆங்கிலச் சொல் அவர் பங்கு, தமிழ்ச் சொல் என் பங்கு.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சின்ன அட்டை. மேலே ஆங்கிலச் சொல். நடுவில், ‘அசைவது’ என்று போட்டு, அது பறவையா, இலையா, துணியா, இமையா என்று எழுத வேண்டும். கீழே தமிழ். காலையில் கீழ்க்கடையிலிருந்து லஃபெயே வரும். எங்கள் ஊர்ப் பால் தேநீருக்கு அதுதான் பெயர். அதைக் குடித்துக்கொண்டே பேசி முடிவு செய்வோம். பிறகு நான் கோர்ட்டு வாசலில், ஆள் வராத நேரத்தில், மெஷினில் அட்டையை அடித்துக் கொண்டுவருவேன்.

“ஃப்ளிஸ்க்” என்பார்.

“என்ன அசையுது?”

“குதிரை வாலு. ஈ ஓட்டுறப்ப.”

“விசுக்.”

இது சுலபமாக முடிந்தது. எல்லாம் இப்படி முடியாது. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்குவதற்கு ‘டின்னில்’ என்று ஒரு சொல். நான் கிடுகிடு என்றேன். “கிடுகிடு பெருசு. அது பூமிக்கு. கண்ணாடிக்குச் சின்னதாக் குடு” என்றார். கிணுகிணு என்றேன். அது சத்தம், அசைவு இல்லை என்றார். தேநீர் ஆறிப்போயிற்று. எனக்குக் கோபம் வந்து, “உங்க கண்ணாடிக்கு நீங்களே பேர் வச்சுக்குங்க” என்று எழுந்து போய்விட்டேன். அந்த அட்டை இன்றுவரை தமிழில்லாமல்தான் இருக்கிறது.

இன்னொரு நாள் ‘பிவர்’ (biver) என்று ஒரு சொல். அழப்போகிற பிள்ளையின் உதடு துடிக்குமே, அது. நான் யோசிக்கவே இல்லை. “விதும்பறது” என்றேன்.

அவர் அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். “இந்த ஒண்ணுலே அவங்களை ஜெயிச்சுட்டோம்” என்றார். அன்று முழுக்க எனக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். நகைநட்டு வாங்கித் தந்திருந்தால்கூட அவ்வளவு மகிழ்ந்திருப்பேனா தெரியாது.

மகன் குமரன் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பான். அவனுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் பர்மிய மொழியில் வரும். இங்கே இந்தத் தலைமுறை எல்லோரும் அப்படித்தான். “காலங்காத்தாலே ரெண்டு பேரும் குருவி மாதிரி என்ன சண்டை?” என்று பர்மிய மொழியில் கேட்டுவிட்டு வேலைக்குப் போவான்.

தாளில் ஒரு தேதி

குமரனுக்கு இருபத்து நாலு வயது. அந்த வயதுப் பையன்கள் எல்லோரும் எப்படியாவது வெளியே போய்விடப் பார்க்கும் காலம் இது. ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவனுக்கு மலேசியாவில் ஒரு வேலை அமைந்தது. வந்த தாளில் ஒரு தேதி போட்டிருந்தது. அதைத் தவறவிட்டால் இன்னொரு தாள் வராது.

ஊரார் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அந்த மேஜையில் உட்கார்ந்து தாள் அடித்து அனுப்பியிருக்கிறேன். என் பிள்ளையின் தாளை அடிக்கும்போது ஒரு பக்கத்தில் மூன்று இடத்தில் பிழை விட்டேன்.

அவன் ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். “உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது உடம்புக்கு ஏதாச்சும்னா நான் போகமாட்டேன். டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுருவேன்.” சொன்னால் செய்கிறவன். அவன் அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

அதை அவன் சொன்னபோதெல்லாம் அவர் அந்த அறையில்தான் இருந்தார்.

நெஞ்சு

குமரன் கிளம்புவதற்குச் சரியாகப் பதினோரு நாள் முன்பு, காலைத் தேநீரின்போது, “ஃப்ளாக்கர்” என்றார்.

“என்ன அசையுது?”

“நெஞ்சு.” உள்ளங்கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

“படபடன்னு அடிச்சுக்குது” என்றேன். மேஜையில் போய் அடித்தேன். ‘அசைவது: நெஞ்சு.’

மறுநாள் ‘ஃப்ளாஃபர்’. என்ன அசையுது? நெஞ்சு. அதற்கு மறுநாள் குஞ்சுப் பறவையின் தடுமாற்றச் சொல். அதற்கும் நெஞ்சுதான். வருஷக்கணக்காக ஒரு நாள் இலை, ஒரு நாள் கொடியில் காயும் கைலி, ஒரு நாள் மீன் வால் என்று கலந்து கலந்து சொல்லிவந்தவர், வரிசையாக நெஞ்சு நெஞ்சு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ எனக்குச் சலித்துவிட்டது. “என்ன வாத்தியாரே, உலகத்துலே வேற ஒண்ணுமே அசையலையா? பறவையெல்லாம் செத்துப்போச்சா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். கையை மார்பிலிருந்து எடுக்கவில்லை.

அந்த நாட்களில் படியேறும்போது முதல் மாடியில் நின்று மின்கம்பிப் புறாக்களை வேடிக்கை பார்ப்பார். முழங்கால் வலி, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஊர்ப்பட்ட தாள்களில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள் என்று எனக்குப் பெயர். இதைக் கண்டுபிடிக்கவில்லை.

அவர் ஏன் நேராகச் சொல்லவில்லை என்று எட்டு மாதமாக யோசிக்கிறேன். நெஞ்சு படபடக்கிறது என்று தமிழில் சொல்லியிருந்தால் நான் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி என்று குதித்திருப்பேன், குமரனுக்குத் தெரிந்திருக்கும். பர்மிய மொழியில் சொன்னால் ட்யூஷன் பிள்ளைகள், பக்கத்து வீடு, தெரு, எல்லோருக்கும் தெரியும். சொல்லவும் முடியாது, தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் பயம். அதனால் இந்த ஊரில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த அந்தச் செத்துப்போன ஆங்கிலத்தில், தினம் ஒன்றாக, என்னிடம் சொல்லிவந்திருக்கிறார். நான் அதையெல்லாம் அட்டையில் அடித்து பிஸ்கட் டப்பாவில் அடுக்கிவந்திருக்கிறேன்.

பதினோரு நாள், பதினோரு சொல். அத்தனையும் என் கையால் அடித்தது.

மறுபடியும் அந்தக் கட்டில்

குமரனை வழியனுப்ப மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் போனோம். காலை வெயில் அப்போதே சுட்டது. அவன் என் காலைத் தொட்டான், அப்பா காலைத் தொட்டான். கண்ணாடிக் கதவுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தான். அவர் கையை உயர்த்தி ஆட்டினார். அவன் மறையும் வரை நன்றாகத்தான் நின்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது, ஒன்றும் சொல்லாமல் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. கழுத்து நரம்பு கண்டபடி துள்ளியது. ஒரு டாக்ஸிக்காரர்தான் தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

அங்கேதான் அந்தக் கேள்வி.

அந்தப் பெண் கேட்டதும் அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் பதினோரு அட்டைகளும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டன. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் வாசகர்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள், அதனால்தான் அப்படி எழுத மாட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு, நெஞ்சு என்று அவர் சொன்னதெல்லாம் என்ன என்று அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்கும்போது முழுசாகத் தெரிந்துவிட்டது.

ஆனால் பதினோரு நாளாக என்று எப்படிச் சொல்வது? பதினோரு நாளாகப் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான், நீ பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாயா என்று அவள் கேட்பாள். அடுத்த கட்டிலில் இரண்டு பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

“இன்னைக்குக் காலைலதான் டாக்டர். பையன் ஊருக்குப் போறான். அந்தப் பிரிவு தாங்கலை.”

அவள் கெட்டிக்காரி. அவரிடமும் கேட்டாள். “அப்படியா அங்கிள்? அதுக்கு முன்னாடி இல்லையே?”

அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். விமானம் தாமதம் என்று குமரன் செய்தி அனுப்பியிருந்தான். அவன் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தான். மூணு வாரம் மருந்து என்று பேச்சு வந்தால் நான் அடுத்த நிமிஷம் அவனுக்கு ஃபோன் போடுவேன், அவன் எழுந்து வெளியே வந்துவிடுவான்.

“ஆமாம்” என்றார் அவர், பர்மிய மொழியில்.

காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. புதுத் தாளை அந்தப் பெண் என்னிடம் காட்டினாள். கோடு ஒழுங்காக, ஒரே இடைவெளி விட்டுப் போய்க்கொண்டிருந்தது. “இனிமே பயமில்லே ஆண்ட்டி” என்றாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு பேரிடம் கேட்டாள், இரண்டு பேரும் பொய் சொன்னோம்.

நாலாம் நாள் காலை, வீட்டில், முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் விழுந்தது. எடுக்கக் குனிந்தார், முடியவில்லை. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார். எந்த மொழியிலும் ஒரு சொல்லும் வரவில்லை.

இதயத்துக்குள் கட்டியிருந்த ரத்தம் மூளைக்குப் போய்விட்டது என்றார் இன்னொரு டாக்டர். பழைய காகிதங்களைப் புரட்டி, “அன்னைக்குக் காலைலதான் ஆரம்பிச்சதுன்னு எழுதியிருக்கே, இவ்வளவு சீக்கிரமாவா கட்டும்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குமரன் ஃபோனில் அழுதான். “நான் போனதாலதானேம்மா? நான் போகாம இருந்திருந்தா அப்பாவுக்கு இது வந்திருக்காதுல்ல?”

“அழாதடா” என்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிள்ளைப் பாசம், பிரிவு தாங்கவில்லை என்று சொல்லிச் சொல்லி உருகினார்கள். நானும் தலையாட்டினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு மாதம் ஓடியது.

மிஞ்சிய சொல்

இப்போது அவர் உட்காருகிறார். தடியை ஊன்றிக் கழிப்பறை வரை போகிறார். வலது கை தொங்குகிறது. பேச்சு போனது போனதுதான். மூன்று மொழி பேசிய வாயில் ஒரே ஒரு பர்மியச் சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது: ‘யாபாடே’.

இந்த ஊரில் நாள் முழுக்கக் காதில் விழும் சொல் அது. பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால், யாபாடே. நன்றி சொன்னால், யாபாடே. இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்றால், யாபாடே. பரவாயில்லை, இருக்கட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாணவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதால் யாபாடே என்கிறார். கீரை விற்கும் அம்மாள் எட்டிப் பார்த்து விசாரித்தால் யாபாடே. இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சொல் தங்கிவிடும், அர்த்தத்தோடுதான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார் டாக்டர். கூடவே இருந்து பார்க்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்று வேண்டாம் என்றால் அவர் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கை கால் பயிற்சி கொடுக்க மா நுவே என்று ஒரு பெண் ஷ்வேப்யிதாவிலிருந்து வாரம் இரண்டு நாள் வருகிறாள். போன மாதம் ஒரு புதிய படிவத்தோடு வந்தாள். பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, “நெஞ்சுப் படபடப்பு முதல்ல எப்ப வந்துச்சு?” என்றாள்.

“பையன் ஊருக்குப் போன அன்னைக்குக் காலைல” என்றேன். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

அவர் என்னைப் பார்த்தார். எட்டு மாதத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மா நுவே கிளம்பும்போது, “வரேன் சயா” என்று சொல்லியும் திரும்பவில்லை.

அவள் போனதும் மின்சாரம் நின்றது. விசிறி ஓய்ந்து வீடு அமைதியானது. நான் அவர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன்.

“ஏங்க, அன்னைக்கு அந்த டாக்டர் பொண்ணு கேட்டப்ப எனக்குத் தெரியும். நீங்க தினம் தினம் எங்கிட்ட சொன்னீங்க. அது என்னன்னு அந்த எடத்துலே எனக்குப் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சுதான் பொய் சொன்னேன்.”

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களும் ஆமான்னீங்க. ஆனா நீங்க பையனுக்காக மறைச்சீங்க. நான் என் மானத்துக்காக மறைச்சேன். ரெண்டும் ஒண்ணில்லீங்க. என்னை எதுவும் நெனச்சுடுவாங்களோன்னு ஒரு வெக்கம். அதுக்கு உங்க வாயைக் குடுத்துட்டேன்.”

மெதுவாக அவர் திரும்பினார். நான் காத்திருந்தேன். கீரைக்காரிக்குக் கொடுக்கிற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் உதடு அசையவே இல்லை.

இடது கையைத் தூக்கி அலமாரிப் பக்கம் காட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று செம்பை எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாத்திரை டப்பாவை எடுத்தேன். அதுவும் இல்லை. பக்கத்தில் இருந்தது என் ஃபோன். அதைத் தொட்டதும் கையைக் கீழே போட்டார்.

யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

குமரனுக்கு அன்று விடுமுறை. முதல் மணியிலேயே எடுத்தான். நான் நின்றால் சொல்லாமல் போய்விடுவேன் என்று பயந்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டைகள், கட்டில், டாக்டர் கேட்டது, நான் சொன்னது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“அப்போ நான் போனதால இல்லையா?” என்றான். தமிழில் கேட்டான். அவன் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசி எத்தனை வருஷமோ.

“இல்லடா. நீ கெளம்பறதுக்குப் பதினோரு நாள் முன்னாடியே வந்துருச்சு. உன்னால இல்லை. நான்தான் பொய் சொன்னேன்.”

அவன் ஓவென்று அழுதான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்பாகிட்டக் குடு” என்று மட்டும் சொன்னான்.

ஃபோனை அவர் காதில் வைத்தேன். மகன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் கண்ணை மூடிக்கொண்டு, “யாபாடே” என்றார். மறுபடி, “யாபாடே.” அவன் அழ அழ, பச்சைப்பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவன் ஓய்ந்த பிறகு ஃபோனை என் பக்கம் தள்ளினார்.

மூன்று வாரம் ஆகிறது. மா நுவே வருகிறாள், அவளுக்குச் சொல்கிறார். கீரை அம்மாளுக்குச் சொல்கிறார். குமரன் இப்போது தினமும் கூப்பிடுகிறான், அவனுக்கும் சொல்கிறார். நான் குளிப்பாட்டும்போது கையைத் தூக்கிக் கொடுக்கிறார், கஞ்சி ஊட்டும்போது வாயைத் திறக்கிறார், முகம் மழிக்கும்போது கன்னத்தைக் காட்டுகிறார்.

எனக்கு மட்டும் அவர் அதை இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.